இடிக்கிற வேலை

"நொறுங்கிடும்னு தெரிஞ்சேதான் அனுப்பறியா?"

"ஆமாம் அத்தை."

"தப்பிக்க வழியே இல்லையா?"

"தப்பிச்சிடக் கூடாதுன்னு பார்த்துக்கறதுதான் என் வேலை."

"நல்ல வேலை" என்று மாமியார் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது போன வருடம். இன்று, விண்கலம் நிலாவில் மோதப் பதினோரு நிமிடம் இருக்கும்போது, மருமகளுக்கு ஏனோ அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது.

கலத்தில் ஆள் கிடையாது. ஒரு பீரோ அளவுதான் இருக்கும். நிலாவில் வெயிலே படாத ஒரு பள்ளத்தில் அது போய் விழ வேண்டும். அப்போது கிளம்பும் தூசியை மேலே சுற்றும் இன்னொரு கலம் படமெடுத்து, அடியில் பனிக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும். கடைசி நாற்பது நிமிடப் பாதை முழுக்க அவள் பொறுப்பு.

கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே குடும்பத்தாருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் வரிசையில் அவள் கணவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் தன் காலடியில் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டே பதினைந்து வருடம் உட்கார்ந்து பழகியவன்.

"நான் இடிக்காம ஓட்டக் கத்துக்குடுக்கறேன் சார். என் பொண்டாட்டி இடிக்கறதுக்குச் சம்பளம் வாங்கறா" என்றான் பக்கத்தில் இருந்தவரிடம். புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவரிடமும் அவன் சொல்லும் நகைச்சுவை அது. அவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும், சிரித்துவிடுவார்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏற்கெனவே லைசென்ஸ் இருந்தது போலும், சிரிக்கவில்லை.

திரையில் சாம்பல் நிறமாகத் தெரிவதுதான் நிலாவா என்று அவன் அம்மா மெல்லக் கேட்டார். "உனக்கென்னம்மா தெரியும், சும்மா உட்காரு" என்றான். அவர் சும்மா உட்கார்ந்தார்.

மாமியாரும் மகனுக்குச் சளைத்தவர் இல்லை என்பது மருமகளின் எண்ணம். மூன்று வருடம் முன்பு, நிலாவில் மெதுவாக இறங்கப்போகும் அடுத்த கலத்தின் குழுவில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் வேலை வேறு ஊரில். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரே கேள்வியில் கணவன் அதை முடித்துவிட்டான். போன மாதம் அதே இடம் மறுபடி தேடி வந்தபோது, அவன் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

பிரித்துப் பார்த்து விசாரித்தது மாமியார்தான். அங்கே குவார்ட்டர்ஸில் எத்தனை அறை என்றார். இரண்டு என்றதும் "ரெண்டேதானா" என்று உதட்டைச் சுழித்தார். மாடியா கீழ்வீடா, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பக்கத்தில் டாக்டர் உண்டா என்று அடுத்தடுத்த நாள் ஒவ்வொன்றாக வந்தது. போகவே விடாத வீட்டுக்கு இத்தனை குறை கண்டுபிடிக்க வேண்டுமா என்று மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழ்வீடுதான் என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

திரையில் பள்ளங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. சட்டென்று படம் நின்றது. கலம் மோதி நொறுங்கியிருந்தது. பிறகு கண்ணாடிக்கு உள்ளே அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். ஒருவர் மேஜையில் தலைவைத்து அழுதார்.

"என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்றான் கணவன், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

அரை மணி கழித்துத் திட்ட இயக்குநரான ஓர் அம்மாள் மருமகளைக் கையோடு அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். குறித்த இடத்துக்கு நாற்பது மீட்டருக்குள் விழுந்திருக்கிறது, இவ்வளவு துல்லியத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை என்றார்.

"நாப்பது மீட்டரா? என் ஸ்கூல்ல நாப்பது சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினாலே ஃபெயில் மேடம்" என்றான் அவன்.

இயக்குநர் அவனைப் பார்க்கவில்லை. "அடுத்த கலம் ஒரு கீறல் இல்லாம இறங்கணும். குழுப் பட்டியல் இன்னைக்கு சாயங்காலம் போகுது" என்றார் அவளிடம். "இந்தத் தடவையாவது வர்றீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான். தான் எதையும் தடுக்கிற ஆள் இல்லை என்றான். அம்மாவுக்கு முட்டி வலி, தனக்கோ காலையிலிருந்து இரவு வரை வகுப்பு, இவள் போய்விட்டால் யார் பார்ப்பது, வேண்டுமானால் அம்மாவையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றான். பதில் தெரிந்தவனின் சௌகரியத்தோடு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தான்.

"சொல்லும்மா" என்றான்.

என்ன வரப்போகிறது என்பது மருமகளுக்கும் தெரியும். அதை எல்லார் முன்னாலும் கேட்பதைவிட, தானே வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

மாமியார் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். மகன் பக்கம் திரும்பவில்லை. இரண்டு எட்டு வைத்து வந்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போன தடவையே கேட்டிருக்கணும், வாய் வரல" என்றார். "போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போயிடும்மா."