தொண்ணூற்றாறில் நின்றது

"கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிராத. யாரோ ஒரு ஆள் இறக்கிக்கிட்டு இருக்கு. இதோ வந்துருதேன்."

செருப்பை மாட்டிக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார். கையில் மாவரைக்கத் தூக்குவாளி.

மில் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்.

வாளியை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். கணினியை மட்டும் நான் அணைக்கவில்லை.

அதில் அவர் குரல் இருந்தது. கண் தெரியாத மாணவர்களுக்காகச் சட்டப் புத்தகம் ஒன்றை முழுதாக வாசித்துப் பதிந்து, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நேராக இறக்கிக்கொள்ளும் டோரண்டில் போட்டிருந்தார். எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் அது முழுதாக இல்லை.

எங்கோ இருந்த அந்த ஒருவருக்குத் தொண்ணூற்றாறு சதவீதம் போயிருந்தது.

அதோடு நின்றுவிட்டது.

கேபிள்காரர் ஜெபராஜ் வந்து பார்த்தார்.

"டோரண்டுன்னாலே நெட் கம்பெனிக்காரன் இப்ப அடைச்சிட்டான் மைனி. திருட்டுப் படம் இறக்குதாங்களாம்."

"இது உங்க அண்ணாச்சி குரல்லா?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"என் கடை லைன் வேற கம்பெனி. ஒயர இழுத்துப் பாப்பமா?"

கடை எதிர்ச்சாரியில். மாடியில் ஏறி நின்று ஒயர்ச் சுருளை வீசினார். வேப்பமரத்தில் சிக்கியது.

பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். "என்னவே, மாநாட்டுக்குக் கொடி கட்டுதீரா?"

"வாயப் பாக்காம ஒயரப் பிடியும் வே!"

துக்க வீடு என்பதையே மறந்து, நானும் சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன்.

ஒயர் கைக்கு வந்ததும் ஜெபராஜ் இறங்கி வந்து கணினியில் மாட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு பச்சைக் கோடு மயிரிழை அளவு நகர்ந்தது.

தொண்ணூற்றேழு.

"போகுது மைனி! போகுது!"

"எவ்வளவு வே?" சன்னலுக்கு வெளியே பால்காரர். அவருக்கு என்ன போகிறதென்றே தெரியாது.

தொண்ணூற்றெட்டு.

தொண்ணூற்றொன்பது.

நூறு.

பால்காரர் கை தட்டினார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் அப்போது யாரும் சிரிக்கக் கூடாது.

"இனி ஆஃப் பண்ணலாம் மைனி. அங்கயும் முழுசா இருக்கு."

முழுதாகத்தான் இருக்கும். ஜாமீன் பற்றிய அத்தியாயத்தின் நடுவே, சாப்பிட வரச்சொல்லி நான் கூப்பிடுவது கேட்கும். வெட்டிவிடச் சொன்னேன். அவர் வெட்டவில்லை.

அவர் சொன்ன பதிலும் அப்படியே இருக்கிறது.

"இதோ வந்துருதேன்."