பிறைத் துகள்

காலை பத்து நாற்பதுக்குச் சாயம் காய்ந்தது. கண் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் கலைச்செல்வி ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நீலத் திசுவில் பதினோரு சிவப்புத் துகள்கள். ஒன்று பிறைபோல் வளைந்திருந்தது.

அவள் அப்பாவின் கண்ணிலிருந்து எடுத்த கருவிழிப் படலம் அது. பரம்பரை நோய். ஒன்பது வருஷத்துக்கு முன் அவருடையதை எடுத்துவிட்டு, இறந்த ஒருவரின் தெளிந்த படலத்தை வைத்தார்கள். அதிலும் துகள் படர்ந்ததால் போன வாரம் அதையும் எடுத்தார்கள்; இந்த ஸ்லைடில் இருப்பது அதுதான். நோய் திரும்பி வருவது உண்டு.

அவள் ஒன்பது வருஷத்துக்கு முன் எடுத்த அப்பாவின் சொந்தப் படலத்தின் ஸ்லைடைத் தேடி எடுத்துப் பார்த்தாள். பதினொன்று. பிறையும் அதே இடத்தில் இருந்தது.

“ஸ்லைடு மாறிப்போயோ சேச்சி?” என்றான் உடன் வேலை செய்யும் மலையாளி கிரீஷ்.

“நீயே நம்பரைப் பாரு.”

கண்ணாடியில் இரண்டு எண்களையும் அவள்தான் கீறியிருந்தாள். இரண்டும் வேறு வேறு.

நோய் தனக்கும் உண்டா என்று பார்க்காமலே ஒன்பது வருஷம் தள்ளிப்போட்டவள், இன்று காலைதான் கீழே கண்ணைக் காட்டிப் படம் எடுத்துவிட்டு வந்திருந்தாள். கிரீஷ் கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் தட்டினான். திரையில் ஒரு கருவிழி விரிந்தது. அதில், சாயம் ஏறாத துகள்களாக, பத்து வெள்ளைப் புள்ளிகளும் ஒரு பிறையும் தெரிந்தன.

“அச்சனோட பழைய போட்டோவை எதுக்கு சேச்சி உங்க பேர்ல ஏத்தி வச்சிருக்காங்க?”