பந்தயப் பிரேக் மாட்டிய கார்

ஒரே ஒரு ஊரிலே, சந்தைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடுகிற ஒரு கார் இருந்ததாம். தன்னைப் பிடித்து நிறுத்தி வந்த பழைய பிரேக் பேடு அதற்குக் கேவலமாகப் பட்டது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பந்தயக் கார்களுக்கென்றே செய்த சிவப்புப் பேடு ஒன்றை மாட்டிக்கொண்டது.

மறுநாள் காலை தெருமுனை திரும்பினால், நடுரோட்டில் ஒரு சினை ஆடு படுத்திருந்தது.

"பிடி, பிடி!" என்று அலறியது கார்.

"அவசரப்படாதீங்க. நல்லா சூடேறினாத்தான் நான் பிடிப்பேன். பந்தயத்திலே எல்லாம் அப்படித்தான்," என்றது பேடு.

"இது தெருடா!"

"அது உங்க பாடு."

ஆடு வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்து, சாக்கடை ஓரம் போய் விழுந்தது. கார் வேப்பமரத்தில் முட்டித்தான் நின்றது. மூக்கு நசுங்கி, ஒரு விளக்கு தொங்கியது.

"இப்போதான் லேசா சூடேறுது. இன்னொரு ரவுண்டு போலாமா?" என்றது பேடு.

கார் அதைக் காதில் வாங்கவில்லை. ஆட்டைப் பார்த்துக் கேட்டது: "ஏம்மா, சக்கரத்து இடுக்கு வழியா அந்தச் சிவப்பு எடுப்பா தெரியுதா?"

"தெரிஞ்சுதுண்ணே. என் மேலே ஏற வந்தப்போ நல்லாவே தெரிஞ்சுது," என்று சேற்றை உதறிவிட்டு, ஆடு மெல்ல நடந்து போய்விட்டது.