பச்சை எரிகிறது

மேசை நிறையக் கைப்பட்டைகள் பச்சையாகக் கண் சிமிட்டுகின்றன. தனியாக இருக்கும் முதியவர் விழுந்தால் அழுத்த வேண்டிய பட்டைகள்; உடனே பிள்ளைகளுக்குச் சேதி போகும். அவற்றின் ரேடியோவை அமைப்பது அவள் வேலை. ஒன்றையொன்று குழப்பாதிருக்க, சோதிக்கும்போது அலையின் வலுவை அடிமட்டத்துக்கு இறக்குவாள்; வாங்கியவர்களுக்கு அனுப்பும் முன் ஏற்றிவிடுவாள், இல்லாவிட்டால் சேதி வீட்டைத் தாண்டாது. போன வாரம் அனுப்பியவற்றில் ஏற்றவே இல்லை என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது.  அவற்றில் ஒன்று அப்பாவின் கையில் இருக்கிறது. போனில் கூப்பிடுகிறாள். “அப்பா, எங்க இருக்கீங்க?” “மாடியில துணி எடுத்துட்டிருக்கேன். ஏம்மா குரல் நடுங்குது?” “பட்டைய அழுத்துங்க.” “அழுத்திட்டேன். பச்சை பளிச்சுன்னு எரியுது. நீ செஞ்சதாச்சே!” அவளுக்குச் சேதி வரவேண்டிய கணினித் திரை சலனமில்லாமல் கிடக்கிறது. போனில் அப்பாவின் செருப்புச் சத்தம் படியிறங்கத் தொடங்குகிறது.