மூன்று அறைப் படகு

படகில் மூன்று அறைகள் இருந்தன.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். மூன்றுதான்.

போகப்போவது இரண்டு பேர்.

"சின்னப் படகு கெடைக்கலைங்க" என்றாள் மனைவி, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

பொய் சொல்ல வேண்டுமென்றால் அவளுக்கு அடுப்பு வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான்.

கைப்பேசியில் படகு வெள்ளை வெளேரென்று நின்றது. உயரமாகப் பாய். சுற்றிலும் பச்சைத் தண்ணீர், தூரத்தில் புதர் மண்டிய தீவுகள். லங்காவி என்றாள். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து இன்னொரு விமானம், அப்புறம் ஐந்து நாள் படகிலேயே வாசம். தீவு தீவாகப் போகுமாம். தூக்கம், சாப்பாடு எல்லாம் அதிலேயே.

பஸ்ஸில் ஏறினால் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காதவள் அவள். ஒருமுறை கொடைக்கானல் போனபோது பின் சீட்டில் அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அப்படியும் மலை ஏறி முடிப்பதற்குள் காரை நாலு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது.

மகள் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அவரும் நினைப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்படிப்பட்டவளுக்குக் கடலில் ஐந்து நாள்.

ஏதோ இருக்கிறது.

டிராவல்ஸ்காரன் அவள் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டான் என்று முதலில் நினைத்தார். போன் போட்டு ஒரு பிடி பிடித்தார்.

"நான் ஓட்டல்தான் சார் சொன்னேன். மேடம்தான் படகுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க."

ஓட்டல் வேண்டாமாம். வாந்தி வேண்டுமாம்.

அப்புறம் வேறொரு பயம் வந்தது. டாக்டர் ஏதாவது சொல்லியிருப்பாரோ? இவள் மறைக்கிறாளோ? சாகப்போகிறவர்களுக்குத்தான் இப்படித் திடீர் ஆசைகள் வரும். மத்தியானம் அவள் கண்ணயர்ந்ததும் மாத்திரை டப்பாவைக் கிளறினார். பிரஷர் மாத்திரை, மூட்டுவலித் தைலம். வேறொன்றும் இல்லை.

டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தார். அவள் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது என்பது அப்போதுதான் உறைத்தது.

பயம் போன இடத்தில் சந்தேகம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

அது தெளிந்தது கொல்லையில். அவள் துணி உலர்த்திக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் தணிந்திருந்தது.

"லைஃப் ஜாக்கெட்டு சின்ன சைஸ்ல இருக்கும்ல தம்பி? மூணு வயசு... ஆமா, மூணுதான். அப்புறம் அந்தப் படகுல வாசப்படி எதுவும் கெடையாதே? நல்லா கேட்டுச் சொல்லுங்க."

அவர் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார்.

மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு பினாங்குக்குப் போன அன்று, கூடம் நிறைய சொந்தக்காரர்கள் இருக்கும்போது அவர் சொன்னார்: "அவ மிதிச்ச வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஊர் மறந்திருக்கும். அவர் மரக்கடைக்காரர். உறையூரில் பாதி வீட்டுக்கு நிலையும் வாசற்படியும் அவர் கொடுத்தவை. சொன்னால் சொன்னதுதான் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயர் இப்போது அவர் கழுத்தில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

தம்பி மகள் கல்யாணத்துக்கு மகளும் வந்திருந்தாள். மண்டபத்துக்குள் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டதும் வாசலிலிருந்தே திரும்பிவிட்டார். பட்டு வேட்டியோடு ரோட்டில் நடந்தார். உள்ளே அவள் சிரித்தது மட்டும் ரோடு வரை கேட்டது.

அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. பேரன் பிறந்திருப்பதாக யாரோ வந்து சொன்னபோதும் காது கேட்காதவர் மாதிரி பேப்பரைப் புரட்டினார்.

இப்போது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதுகுக்குப் பின்னால் இவ்வளவு வேலையா?

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். இன்னொரு வழியும் தேடமாட்டாள்.

அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் சமையலறைக்குப் போனார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார், லாரியில் வந்த மரத்தில் வெடிப்பு தேடுகிற மாதிரி. ஏதாவது ஏமாற்று வேலை இருக்கும். அவரிடமா?

படகில் ஏறுகிற இடம். ஏணி.

அறைகளுக்கு இறங்குகிற இடம். அதற்கும் ஏணிதான்.

அறைக் கதவுகள். கதவு இருந்தது. பக்கச் சட்டம் இருந்தது. கீழே விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். தரைப் பலகை தடையில்லாமல் ஒரே ஓட்டமாக உள்ளே போயிற்று.

திரும்பவும் பார்த்தார்.

மனைவி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அடுப்பில் பாத்திரம் இல்லை. பற்றவைக்கவும் இல்லை. முதுகு மட்டும் விறைத்திருந்தது.

அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"எலுமிச்சம்பழம் ரெண்டா எடுத்து வச்சுக்க."

"எனக்கு ஒண்ணு போதுங்க."

"ஒனக்கு மட்டுமா வாந்தி வரும்?"

அவள் அடுப்பை விட்டுத் திரும்பினாள்.