கடல் அடங்கியபின்

பெரிய அலைகள் தொடர்ந்து கடக்கும்போது கடலடி மணலினுள் நீரழுத்தம் மிகுந்து, மணல் தன் உறுதியை இழக்கிறது என்றும், அலை ஓய்ந்ததும் அது முன்னிலும் இறுகிவிடுகிறது என்றும் பொறியாளர் சிவசைலம் முந்தைய நாள் மிதவையில் அனைவருக்கும் விளக்கியிருந்தார். முக்குளிக்கும் கஸ்பார் சோற்றுத்தட்டிலிருந்து நிமிர்ந்து, "இருவது வருசமா நான் நிக்கிற தரை சார் அது. உங்க காலேஜ்லதான் உருகும்போல," என்றான். வின்ச் இயக்குபவர் வரை எல்லோரும் சிரித்தார்கள்.

இன்று கடலடியிலிருந்து தொலைபேசியில் வந்த அவன் குரலில் கேலி இல்லை.

"சார், முட்டு வரைக்கும் புதைஞ்சிட்டேன். இழுக்கச் சொல்லுங்க."

கஸ்பாரைக் கட்டியிருந்த கயிற்றை வின்ச்சில் சுற்றி இழுக்க, அதன் இயக்குபவர் சிவசைலத்தின் கையசைவுக்குக் காத்திருந்தார். அலை வீசும்போதே, மணல் இளகியிருக்கையிலேயே இழுத்தாக வேண்டும். சிவசைலம் கையை உயர்த்தவில்லை, ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டார்.

"தரை எப்படியிருக்கு கஸ்பார்? சத்தமாச் சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

"உருகுது சார். நீங்க சொன்னதுதான் சரி. நேத்து பேசினத மனசுல வச்சுக்காதீங்க. இடுப்பு வரைக்கும் வந்துட்டு."

சிவசைலம் கண்களை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். பாராட்டுக் கூட்டத்தில் அமர்ந்திருப்பவரின் முகம் அவருக்கு வாய்த்திருந்தது.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். பிறகு இன்னொரு தடவையும் சொன்னான். மிதவையில் எவரும் சிரிக்கவில்லை. சிவசைலம் கண்களைத் திறந்தபோது பெரிய அலைகள் கடந்து போயிருந்தன. மிதவை ஆடாமல் நின்றது.

"கடல் அடங்கிட்டு சார்," என்றது ஒலிபெருக்கி, நிம்மதியுடன். "தரையும் கெட்டியாயிட்டு. இனி பயமில்ல, மெதுவாவே இழுக்கச் சொல்லுங்க."

சிவசைலம் கையை உயர்த்தினார். கயிறு விறைத்தது. மிதவை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.