கயிறில்லாத படகு

கோணேஸ்வரனின் மணிக்கட்டில் இராசதுரை ஓங்கி உதைத்தான். கையிலிருந்த இரும்பு ஆணி பறந்துபோய்க் கடலில் விழுந்தது. வண்டிக் கடையாணி மாதிரித் தடித்த ஆணி. இராசதுரை கப்பலில் ஏறுவதைக் கண்டதும் கோணேஸ்வரன் எங்கிருந்தோ அவசரமாகப் பிடுங்கி வைத்திருந்தான். மண்டையில் இறங்கியிருந்தால் இராசதுரையின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆணி போனதும் கோணேஸ்வரன் ஓடினான். ஓட எங்கே இடம்? வழக்கொன்றில் மாட்டி, திருகோணமலைத் துறைமுகத்தில் நெடுநாளாக நங்கூரத்தில் கிடக்கும் பழைய சீமெந்துக் கப்பல் அது. காவலுக்கு அவன் ஒருவன்தான். கப்பலின் பின்கோடியில், சரிவான தண்டவாளத்தில் மூக்கு கீழ்நோக்கியபடி நின்ற செம்மஞ்சள் உயிர்காப்புப் படகுக்குள் போய்ப் புகுந்துகொண்டான். வெறுங்கப்பல் உயர மிதந்ததால் கடல் ஐந்து மாடிக்குக் கீழே கிடந்தது.

இராசதுரைக்குச் சிரிப்பு வந்தது. பிறந்ததிலிருந்து படகும் கடலுமாகத் திரிந்தவன் அவன்.

"கயிறுமில்ல, இறக்கிவிட ஆளுமில்ல. இதுக்குள்ள பூந்து எங்கயடா போகப் போறாய்?"

கூட வந்த இரண்டு பேரையும் கடற்படைப் படகு வருகிறதா என்று பார்க்க வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே போய்க் கதவை இறுகச் சாத்தினான். இனி எவ்வளவு கத்தினாலும் கரைக்குக் கேட்காது. உள்ளே நிற்கவே கஷ்டமான சரிவு. கதிரைகளெல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருந்தன. இப்படிப் பொருத்தினவனுக்கு மூளை பிசகு என்று இராசதுரை நினைத்தான். கதவோரக் கதிரையில் கோணேஸ்வரன் களைத்துப்போய் விழுந்து கிடந்தான்.

இராசதுரைக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். கோணேஸ்வரனின் தம்பி யோகலிங்கம் எங்கே ஒளிந்திருக்கிறான்? இதே கப்பலில் டீசல் திருடப் போன இடத்தில், மறித்து நின்ற பழைய காவலாளி கனகசுந்தரத்தை இராசதுரை மேல்தளத்திலிருந்து சரக்குக் குழிக்குள் தள்ளிக் கொன்றதைக் கண்ணால் கண்டவன் அந்த யோகலிங்கம். திங்கட்கிழமை அவன் கோர்ட்டில் வாயைத் திறந்தால் இராசதுரைக்கு ஆயுள் முழுக்கச் சிறை. அந்தப் பயம் சில நாட்களாக அவனைச் சாப்பிடவும் விடவில்லை, தூங்கவும் விடவில்லை.

கதிரையில் தொங்கிய பெல்ட்டுகளை இராசதுரை இழுத்தெடுத்தான். கோணேஸ்வரன் பதறிப்போனான்.

"கட்டிப்போட்டு மட்டும் அடியாதேங்கோ, அண்ணை. என்னால ஏலாது."

எதற்கு ஒருவன் பயப்படுகிறானோ அதையே செய்து பார்ப்பதில்தான் இராசதுரைக்கு ருசி. தோள், நெஞ்சு, இடுப்பு என்று மூச்சு முட்ட இறுக்கி, கொளுக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினான். மிஞ்சியது முழங்கைக்குக் கீழே கைகளும் முகமும். அவனுக்கு அந்த முகம் போதும்.

முதல் அடியில் மூக்கு உடைந்தது. அடுத்த அடியில் ஒரு பல் கழன்று சரிவில் உருண்டோடியது. அடி விழும்போதெல்லாம் கோணேஸ்வரன் துடித்து, கதிரையின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புப் பிடியை இழுத்து இழுத்து விட்டான். வலிக்கு எதையாவது பற்றத்தானே வேண்டும்.

தம்பி எங்கே என்று கேட்டதற்கு முதலில் ஈச்சிலம்பற்று என்றான். இன்னோர் அடிக்குக் கந்தளாய் ஆனது, அதற்கடுத்த அடிக்கு லிங்கநகர். ஊர் ஊராகத் தன்னை அலைக்கழிக்கிறான் என்று விளங்கியதும் இராசதுரை இடுப்புக் கத்தியை உருவினான்.

"கனகசுந்தரம் எப்படிப் போனவன் தெரியுமா? சீமெந்து மூடை மாதிரிப் போனவன். பாரத்தை விட்டா கீழ போகும். எனக்குத் தெரிஞ்ச படிப்பு அவ்வளவுதான்."

கோணேஸ்வரன் வாயில் நிறைந்த இரத்தத்தைத் துப்பினான்.

"விழுற நேரம் பாரம் இராது, அண்ணை. கீழ முட்டுற நேரந்தான் வரும்."

அடி மூளைக்கு ஏறிவிட்டது என்று இராசதுரை நினைத்துக்கொண்டான். காதைப் பிடித்துக் கத்தியை அழுத்தினான். பாதிக் காது கிழிந்து தொங்க, கோணேஸ்வரன் அலறியபடி அந்தப் பிடியைக் கடைசி வரை இழுத்தான்.

எங்கோ அடியில் ஏதோ கழன்றது. படகு தண்டவாளத்தில் சறுக்கி ஓடியது. வெளியே நின்றவர்கள் கத்தினார்கள். பிறகு தண்டவாளம் உரசும் சத்தமும் நின்றுபோனது.

இராசதுரையின் பாதங்கள் தரையை விட்டன. கையிலிருந்து நழுவிய கத்தி விழாமல் அவன் மூக்குக்கு நேரே அந்தரத்தில் நின்றது. கோணேஸ்வரனின் இரத்தம் குன்றிமணி குன்றிமணியாக அதன் பக்கத்தில் மிதந்தது. தன் உடம்பில் ஓர் இறாத்தல் பாரம்கூட இல்லாததை அவன் உணர்ந்தான். எட்டிப் பிடிக்கவும் எதுவும் இல்லை.

கதவுக் கண்ணாடியில் கப்பல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. தான் உதைத்துக் கடலுக்குள் அனுப்பிய ஆணி எதைப் பிடித்து வைத்திருந்தது என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

கதிரையோடு கதிரையாக அசையாமல் இருந்த கோணேஸ்வரன், உடைந்த வாயால் சொன்னான்:

"பெல்ட் போட்டிருக்கிறது நான் மட்டும்தான், அண்ணை."